மார்ஃபின்னு பேரைக் கேட்டே நாங்க பயந்து நின்ன 20 நாள்

அப்பாயி, எங்கப்பாவோட அம்மா, போயி அஞ்சு மாசம் ஆச்சு. எழுதணும்னு ரெண்டு மூணு தடவ உக்காந்து பாதியிலயே எந்திரிச்சுட்டேன், இன்னைக்கு எப்படியும் முடிச்சுடணும். வீட்ல பெரியவங்களுக்கு கேன்சர், இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர் சொன்னதுக்கப்புறம் வீட்ல என்ன செய்யணும்னு எங்களுக்கு சொல்றதுக்கு ஆளே இல்ல, தட்டுத் தடுமாறித்தான் கத்துக்கிட்டோம். நாங்க தடுமாறின ஒவ்வொரு நாளும் வலிய தாங்கினது அப்பாயிதான், அது எனக்கு இன்னும் ஆறல.

எங்க ஊரு கோத்தகிரிக்கு கீழ, தேயிலைத் தோட்டத்த ஒட்டின லயன் வீடு, தோட்டத் தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டின வீடு, லயம்னும் சொல்லுவோம். அப்பாயி பிறந்தது சிலோன்ல, ஹட்டன் பக்கம். அங்க தோட்டத்துல இருந்த தமிழங்கள்ல யாரு இந்தியா, யாரு இலங்கைன்னு பிரிக்க 1964ல போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல எங்க குடும்பத்துக்கு இந்தியான்னு எழுதிட்டாங்க, தலைமன்னார் வரைக்கும் ரயிலு, அங்கருந்து கப்பல்ல ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப்ல கொஞ்ச நாள், அப்புறம் இந்த மலை. வர்றப்ப எங்கப்பா கைக்குழந்தை. அப்பாயியோட அம்மா, தம்பி, தங்கச்சி எல்லாம் அங்கேயே தங்கிட்டாங்க. இங்க வந்து அறுபது வயசு தாண்டற வரைக்கும் கொழுந்து பறிச்சாங்க. குளிருக்கும் வெத்தலைதான், பசிக்கும் வெத்தலைதான், அட்டை கடிச்ச எடத்துல தேய்க்கிறதும் அந்த வாய்ல மென்ன போயிலைதான். அந்தக் காலத்து தோட்டத்துப் பொம்பளைங்க முக்காவாசிப் பேரு அப்படித்தான். அதனால இடது கன்னத்துக்கு உள்ள ஒரு வெள்ளைப் படை வந்தப்பவும், அப்புறம் அது ஆறாத புண்ணு ஆனப்பவும் அவங்களே சுண்ணாம்பு வெந்துருச்சுன்னு சொல்லிட்டு மறைச்சுட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத வாய்ப்புண்ணு யாருக்கு இருந்தாலும் உடனே காட்டுங்க, அதுவும் போயிலை போடறவங்களா இருந்தா ஒரு நாள் கூட தள்ளாதீங்க.

வாய் முழுசா தெறக்க முடியல, ரெண்டு விரல் கூட உள்ள போகல, அப்பதான் கவனிச்சோம். ஜூலைல பயாப்சி எடுத்தாங்க. ஆகஸ்ட்ல கோயம்புத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரி. தாடை எலும்பு வரைக்கும் பரவிடுச்சு, கழுத்துலயும் கட்டி. வயசு 81, உடம்பு 34 கிலோ. ஆபரேஷன் தாங்க மாட்டாங்கன்னு டாக்டர் சொன்னாரு, ரேடியேஷன் வேணா குடுக்கலாம், கொஞ்ச நாள் புண்ணு அடங்கும், ஆனா அஞ்சு வாரம் தெனமும் வரணும்னாரு. மேட்டுப்பாளையம் ரோட்ல அத்தனை கொண்டை ஊசி வளைவுல அவங்கள வச்சு தெனமும் ஏத்தி இறக்க முடியுமா. கோயம்புத்தூர்லயே ரூம் எடுத்து இருக்கலாம்னு நான் சொன்னேன். அப்பாயி என் கையப் புடிச்சு, "வேணாம் புள்ள, வீட்டுக்குப் போயிருவோம், இந்த ஊர்ல தண்ணியே சரியில்ல"ன்னாங்க. தண்ணி ஒரு சாக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. அவங்ககிட்ட கேன்சர்னு நாங்க சொல்லவே இல்ல, அல்சர் மாதிரின்னு சொல்லி வச்சிருந்தோம். ஆனா பஸ்ல ஏறி உக்காந்ததும் அப்பாகிட்ட மெதுவா, "அந்தக் கோடி சேலைய பொட்டில இருந்து எடுத்து வெயில்ல காயப் போடு"ன்னாங்க. நாங்க நடத்தின நாடகம் அவ்வளவுதான்.

செப்டம்பர் கடைசில வலி ஆரம்பிச்சுது. மொதல்ல பாராசிட்டமால், அப்புறம் ட்ரமடால். ராத்திரி 2 மணிக்கு எந்திரிச்சு செவத்துப் பக்கம் திரும்பி உக்காந்துக்குவாங்க, சத்தம் வராது, முதுகு மட்டும் ஆடும். நான் லைட்ட போட்டா "தூங்கு தூங்கு"ன்னு கைய காட்டுவாங்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கு வர்ற நர்ஸ் அக்கா பார்த்துட்டு மொதல் நாளே சொன்னாங்க, "இதுக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில வலி தணிப்பு பிரிவுல போயி டாக்டர்கிட்ட காட்டி வாங்கிக்கோங்க"ன்னு.

இங்கதான் நாங்க தப்பு பண்ணோம். அப்பா மொகம் செத்துப் போச்சு. அத்தை போன்லயே அழுதுட்டாங்க, அது போதை மருந்துல்ல, அதப் போட்டா சீக்கிரம் போயிருவாங்கல்ல, கடைசியில நம்மளே அம்மாவ கொன்ன பாவம் வந்துரும்னு. சித்தப்பா நெட்ல எதையோ படிச்சுட்டு மூச்சு நின்னுரும்னாரு. நான் காலேஜ் படிச்சவ, நானும் வாயத் தெறக்கல, உள்ளுக்குள்ள எனக்கும் பயம்தான். இன்னும் கொஞ்ச நாள் பாப்போம், பாப்போம்னே 20 நாள் போச்சு. அந்த 20 நாள்ல அப்பாயி கஞ்சி குடிக்கிறத கொறச்சு, பேசறத கொறச்சு, கடைசில யாரும் தொட்டா கூட மொகத்த சுளிக்கிற நெலமைக்கு வந்துட்டாங்க. ஒரு நாள் காலைல என்கிட்ட "என்ன பாவம் பண்ணேன்னு இவ்வளவு நோவு"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு மத்தியானமே நானும் அப்பாவும் பஸ் ஏறிட்டோம்.

அங்க இருந்த டாக்டரம்மா கால் மணி நேரம் ஒக்கார வச்சுப் பேசினாங்க. அவங்க சொன்னத அப்படியே சொல்றேன். வலிக்குத் தகுந்த அளவு குடுத்து பார்த்து பார்த்து ஏத்துனா மார்ஃபின் ஆள சீக்கிரம் கொண்டு போகாது. இந்த மாதிரி கேன்சர் வலிக்கு டாக்டர் சொன்ன அளவுல எடுக்கிறவங்க போதைக்கு அடிமை ஆகறதும் அபூர்வம். மொதல் ரெண்டு மூணு நாள் தூக்கமா இருக்கும், குமட்டும், அது பழகிரும். பழகாத ஒண்ணு மலச்சிக்கல், அதனால மார்ஃபின் ஆரம்பிக்கிற அன்னைக்கே மலம் இளகற மருந்தையும் ஆரம்பிக்கணும். வலி வந்தப்புறம் குடுக்கக் கூடாது, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ கடிகாரத்தப் பார்த்துக் குடுக்கணும், ஏன்னா இந்த சாதா மாத்திரையோட வேகம் அவ்வளவு நேரம்தான் நிக்கும். எல்லா மெடிக்கல் ஷாப்லயும் இது கெடைக்காது, அதுக்குன்னு அனுமதி வாங்கின எடத்துல மட்டும்தான், நோயாளி பேரு, எத்தன மாத்திரைன்னு ரிஜிஸ்டர்ல எழுதிக் குடுப்பாங்க. அப்பாயிக்கு முழுங்க முடியாதுன்னு சொன்னோம், இத பொடிச்சு தண்ணில கரைச்சு குடுக்கலாம்னாங்க (நீண்ட நேரம் வேலை செய்யற வகை மாத்திரை ஒண்ணு இருக்கு, அத பொடிக்கவே கூடாது, எதுன்னு கேட்டுக்கோங்க).

ரெண்டாவது நாள் ராத்திரி அப்பாயி விடிய விடிய தூங்கினாங்க. நாங்க பயந்து போயி மூக்குல விரல வச்சு வச்சுப் பார்த்தோம். மூணாவது நாள் காலைல எந்திரிச்சு, "தேத்தண்ணி ஊத்து, சீனி தூக்கலா"ன்னாங்க. அப்பா வெளிய போயி தண்ணி டேங்க் பக்கம் நின்னு அழுதாரு. எங்களுக்கு அதுக்கப்புறம் அஞ்சரை வாரம் அப்பாயி கெடைச்சாங்க, கதை சொன்ன அப்பாயி, மருமக வச்ச கஞ்சில உப்பில்லன்னு சொன்ன அப்பாயி. அந்த 20 நாளும் அப்படி இருந்திருக்க வேண்டியவங்கதானே.

வாசனை பத்தியும் சொல்லணும், யாரும் இத வாய் விட்டுப் பேச மாட்டாங்க. புண்ணு கன்னத்துக்கு வெளிய ஒடைஞ்சப்ப வீடே நாறுச்சு, அது அப்பாயிக்கே தெரிஞ்சு பேரப் புள்ளைங்கள கிட்ட விடல. நர்ஸ் அக்கா மெட்ரோனிடசோல் மாத்திரைய நைசா பொடிச்சு, காய்ச்சி ஆற வச்ச உப்புத் தண்ணில புண்ணைக் கழுவிட்டு மேல தூவச் சொன்னாங்க. மூணு நாள்ல நாத்தம் பாதிக்கு மேல போயிருச்சு, பசங்க மறுபடியும் கட்டில்ல ஏற ஆரம்பிச்சாங்க. எவ்வளவு சின்ன விஷயம், ஆனா எவ்வளவு பெரிய விஷயம்.

படுக்கைப் புண்ணுக்கு வாட்டர் பெட் வாங்கலாம்னு சித்தப்பா சொன்னாரு. மலைல வேணாங்க, ராத்திரி குளிருக்கு ஐஸ் மேல படுக்க வச்ச மாதிரி ஆயிரும். ஏர் பெட் வாங்கினோம், ஆனா அதுக்கு மோட்டார் ஓடணும், கரண்டு வேணும். எங்க பக்கம் ஐப்பசி கார்த்திகைதான் பெருமழை, மரம் விழுந்தா ரெண்டு நாள் கரண்டு இருக்காது. 2009 நவம்பர்ல மண்சரிவு வந்து மலையே துண்டாயிப் போனத பார்த்தவங்க நாங்க, மழை வலுத்தாலே வயித்தக் கலக்கும். அதனால கரண்டு இருந்தாலும் இல்லன்னாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பக்கம் மாத்திப் படுக்க வைக்கறதுன்னு முறை போட்டுக்கிட்டோம், அம்மா, நான், அப்பா, எதிர்வீட்டு அக்கா. மாத்திரையும் பத்து நாளுக்கு சேர்த்தே வாங்கி வச்சோம், ரோடு அடைச்சா யாரு கொண்டு வருவா.

அப்பாயியோட தங்கச்சி இன்னும் ஹட்டன் பக்கம்தான் இருக்காங்க. அம்பது வருஷத்துல ரெண்டே தடவ பார்த்துக்கிட்டவங்க. எங்க லயத்துக்குள்ள சிக்னல் நிக்காது, வீடியோ கால் போட்டா மொகம் கட்டம் கட்டமா ஒடைஞ்சு போயிரும். அதனால சின்ன அப்பாயி வாய்ஸ் மெசேஜா அனுப்புனாங்க, நான் டேங்க் பக்கம் போயி டவுன்லோடு பண்ணிட்டு வந்து காதுகிட்ட வச்சுப் போடுவேன். பிரட்டுக்களத்துக்கு (காலைல பேரு கூப்பிட்டு வேலை பிரிக்கிற எடம்) லேட்டாப் போயி கங்காணிகிட்ட ஏச்சு வாங்கினது, ஒரே கம்பளிக்குள்ள ரெண்டு பேரும் போனது, இதே மாதிரி கதைங்க. அப்பாயி கண்ண மூடிட்டு கேப்பாங்க, முடிஞ்சதும் ஒரு விரலத் தூக்கிக் காட்டுவாங்க, இன்னொரு தடவ போடுன்னு.

நவம்பர் மூணாவது வாரம் சாப்பாடு நின்னுச்சு. மூக்கு வழியா டியூப் போட்டிருந்தத அவங்களே ரெண்டு தடவ புடுங்கிட்டாங்க, மூணாவது தடவ போட வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. பார்க்க வந்தவங்க எல்லாம் பட்டினி போட்டு சாகடிக்கிறீங்களா, ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்த மாட்டீங்களான்னு கேட்டாங்க. உடம்பு மூட ஆரம்பிச்சுருச்சு, இப்ப அது சோறு கேக்காது, தண்ணி ஏத்துனா காலு வீங்கி, நெஞ்சுல நீர் கோத்துக் கஷ்டப்படுவாங்கன்னு நர்ஸ் அக்கா சொல்லியிருந்தாங்க. பஞ்ச நனைச்சு ஒதட்டையும் நாக்கையும் ஈரமா வச்சுக்கிட்டோம், தண்ணில ஒரு தடவ, தேத்தண்ணில ஒரு தடவ.

கடைசி ராத்திரி தொண்டையில கொர கொரன்னு சத்தம், கை காலு ஜில்லுன்னு ஆயிருச்சு, மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. இதெல்லாம் வரும்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்ததாலதான் நாங்க தாங்கினோம், இல்லன்னா அந்த மழைல 108க்கு போன் போட்டு, வண்டில தூக்கிப் போட்டு, வழியிலயே போயிருப்பாங்க. அப்பா போன கையில எடுத்துட்டாரு உண்மையில. அம்மா வாங்கி வச்சுட்டு, "அத்தை நம்ம வீட்லயேதான் இருக்கணும்னு சொன்னாங்க"ன்னாங்க, அவ்வளவுதான். பக்கவாட்டுல திருப்பிப் படுக்க வச்சோம், சத்தம் கொறைஞ்சுது. கோழி கூவற நேரத்துல, அப்பா மடியில.

கோடி போடற நேரத்துலதான் ஒரு சங்கடம் வந்துச்சு. பொறந்த வீட்டுக் கோடி போடணும், ஆனா பொறந்த வீடு கடலுக்கு அந்தப் பக்கம். அப்பாயி காயப் போடச் சொன்னாங்களே அந்தச் சேலை, அது சின்ன அப்பாயி பல வருஷத்துக்கு முன்ன ஒருத்தர்கிட்ட குடுத்து விட்டது, இதுக்குன்னே பொட்டில வச்சிருந்திருக்காங்க. சேலை இருக்கு, போட அண்ணன் தம்பி இல்லையே. பக்கத்து லயத்துல அப்பாயி கூட அதே கப்பல்ல வந்த ஒரு தாத்தா இருக்காரு, நடக்கவே கோலு வேணும். கேக்காமலே எந்திரிச்சு வந்து, "கப்பல்ல எனக்கு ரொட்டிய பிச்சுக் குடுத்துச்சு, நான் போடறேன்"னு சேலைய வாங்கி மேல போத்துனாரு. தப்புச் சத்தம், ஒப்பாரி, எல்லாம் ஒரு நிமிஷம் நின்னுருச்சு. பேரப் புள்ளைங்க நாங்க நெய்ப்பந்தம் புடிச்சோம், எங்க பக்கம் பேத்திங்களுக்கு குடுக்கற வழக்கம் இல்ல, அப்பாதான் என்கிட்டயும் ஒண்ணு குடுத்தாரு.

மலைக்கு சொந்தக்காரங்க வர்ற வீடா இருந்தா இதையும் கவனிச்சுக்கோங்க. வெளி மாவட்ட வண்டிக்கு இ-பாஸ் வேணும், 2024 மே மாசத்துல இருந்து இருக்கு. சாவுக்கு வர்ற அவசரத்துல யாருக்கும் ஞாபகம் வராது, திருப்பூர்ல இருந்து வந்த எங்க மாமா வண்டி குஞ்சப்பனை செக்போஸ்ட்ல நின்னுருச்சு, வீட்ல ஒரு ஆள் அவங்களுக்கு போன்லயே எடுத்து அனுப்பிருங்க. தண்ணி பாட்டில் கேஸ் கேஸா வாங்கிட்டு வராதீங்க, நீலகிரில பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, புடுங்கிருவாங்க. குழில தண்ணி ஊறும், தார்ப்பாய் கட்டி வச்சு வெட்டச் சொல்லுங்க. சாயங்காலத்துக்கு முன்னாடி அடக்கத்த முடிச்சுருங்க, இருட்டுனா பாதையில காட்டெருமை நிக்கும். வெளக்க வாசல்ல வைக்காம உள்ள வைங்க, எண்ணெய்க்கு கரடி வரும், எங்களுக்கு மூணாம் நாள் வந்துச்சு.

வீட்ல நடந்த எறப்புங்கறதால நாங்களே போயி பதியணும், 21 நாளுக்குள்ள. கிராமப் பகுதிக்கு வி.ஏ.ஓ. ஆபீஸ். வைத்தியம் பார்த்த ஃபைலும் நர்ஸ் அக்கா எழுதி வச்ச நோட்டும் அங்க ரொம்ப உதவுச்சு. எங்களுக்கு பேருலதான் சிக்கல், ஆதார்ல இனிஷியல் அவங்க அப்பா பேரு, ரேஷன் கார்டுல தாத்தா பேரு, சிலோன்ல இருந்து வந்தப்ப குடுத்த குடும்ப அட்டைல எழுத்தே வேற. பெரியவங்க உயிரோட இருக்கறப்பவே இத ஒண்ணாக்கி வச்சுருங்க.

கருமாதி முடிஞ்சு மிச்ச மாத்திரைய கொண்டு போயி திருப்பிக் குடுத்துட்டோம், அத வீட்ல வச்சுக்கக் கூடாது. ஏர் பெட்ட கழுவிக் காய வச்சிருந்தேன். தை மாசம் கீழ் லயத்துல ஒரு தாத்தாவுக்கு நுரையீரல்ல கேன்சர்னு அவர் மக வந்து கேட்டாங்க, குடுத்தேன். வலி இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னாங்க, மார்ஃபின் எழுதிக் குடுத்திருக்காங்களாம், சீட்டு பர்ஸ்லயே இருக்கு, இன்னும் வாங்கல. "அதக் குடுத்தா சீக்கிரம் போயிருவாரா அக்கா?"ன்னு கேட்டாங்க. உள்ள வந்து உக்காரச் சொல்லி, தேத்தண்ணி வச்சுக் குடுத்துட்டு, இவ்வளவையும் சொன்னேன்.