பத்தாம் வகுப்பும் டிஸ்லெக்சியாவும்: அம்மாக்களுக்கு

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. ஒரு மொழித்தாள் விலக்கு போக 400க்கு 263, டிஸ்லெக்சியா (வாசிப்பும் எழுத்தும் தடுமாறும் கற்றல் குறைபாடு) உள்ள என் மகள் பாஸ். எழுதும்போதே கை நடுங்குகிறது, ஏனென்றால் 1996ல் இதே பத்தாவதில் தமிழில் 31 வாங்கி ஃபெயிலானவள் நான்.

சலுகைகள் உங்களுக்கே தெரியும்: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆசிரியர். எழுத ஆள் வந்துவிட்டால் பிள்ளை கடகடவென்று சொல்லிவிடும் என்று நம்பியதுதான் என் பெரிய தப்பு. அரையாண்டில் சமூக அறிவியலுக்குப் பாதி நேரம் வாயே திறக்கவில்லை. பதில் தெரியும், அதைச் சொல்லி எழுத வைக்கத் தெரியவில்லை. அது தனி வித்தை, தனியாகப் பழக வேண்டும்.

ஜனவரியிலிருந்து தினமும் இரண்டு ஐந்து மார்க் கேள்வி, அவள் சொல்ல நான் எழுதினேன். ஒருநாள் எழுதியதை வாசிக்கச் சொன்னாள். வரிக்கு அடியில் விரல் வைத்துத்தான் வாசிப்பேன், அப்படியும் ‘கொள்கை’ ‘கெள்கை’ ஆகிவிட்டது. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவள், “உனக்கும் வரி தாவுமாம்மா?” என்றாள்.

மூன்றாவது படிக்கையில் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடுவாள். காதில் விழும் வரிசையில்தான் குழந்தை எழுதியிருக்கிறது. நான் ஸ்கேலால் அடித்தேன். என் அம்மா என்னை அடித்ததும் இதே மாதிரி தப்புகளுக்குத்தான். ஐந்தாவது வரை படித்த அம்மா, ரேஷன் கடையில் “கண்ணாடி கொண்டு வரல, நீ படி” என்பார். வீட்டில் ஊசியில் நூல் கோக்க அவருக்குக் கண்ணாடியே வேண்டியதில்லை. டிஸ்லெக்சியா குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது. அம்மாவுக்கும் இதுதானா என்று கேட்க இப்போது அவர் இல்லை.

சரி, செய்ய வேண்டியவை:

- கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கும் வேலையை ஒன்பதாவதிலேயே தொடங்குங்கள்.
- பள்ளியில் “சோம்பேறி” என்றால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் உண்டு என்று எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்ன பிறகுதான் சலுகை கேட்ட மனுவையே வாங்கினார்கள்.
- கணக்கில் அடைப்புக்குறி எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்பதையும் வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள்.
- பாடத்தை உங்கள் குரலில் போனில் பதிவு செய்யுங்கள். தடுமாறினால் தடுமாறட்டும், அழிக்காதீர்கள்.

அப்புறம், உங்களுக்கும் இது இருந்தால் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். நான் அன்று இரவே சொன்னேன், அந்த ஸ்கேல் அடிக்கு மன்னிப்பும் கேட்டேன். “ரைட் கையிலம்மா” என்றாள். எந்தக் கை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.