பூட்டு போட யாருக்கு அதிகாரம்?

சென்ற ஆண்டு சீசன் நேரத்தில், விடிவதற்கு முன்பே, நீலகிரியின் மொறுமொறு அடுக்குத் தின்பண்டமான வர்க்கி சுடும் எங்கள் அடுப்பை அணைக்கச் சொல்லி ஒருவர் வந்து நின்றார். கழுத்தில் ஓர் அட்டை, கையில் ரசீதுப் புத்தகம். எண்ணெய் சரியில்லை என்று புகார் வந்திருக்கிறதாம். உள்ளே முப்பது தட்டு வெந்துகொண்டிருந்தது. "அக்கா, பூட்டவும் சொல்கிறார்" என்று உதவிக்கு இருக்கும் பெண் அழுகிற குரலில் சொன்னாள். நான் பயந்துபோய் அணைத்துவிட்டேன்.

விறகு அடுப்பு ஒருமுறை ஆறிவிட்டால் பழைய சூட்டுக்குக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. ரவையும் வாழைப்பழமும் சேர்த்துப் புளிக்க வைத்த, வர்க்கி மாவில் கலக்கும் 'மாவா' என்ற கலவை அளவுக்கு மீறிப் புளித்து வீணானது. பாதி வெந்த வர்க்கி, நீலகிரி மழையில் நமத்துப்போன சாக்குத்துணி மாதிரி ஆனது. இரண்டு நாள் கடை திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மாவட்ட அலுவலகத்தில் போய் விசாரித்தேன். வந்தவர் உணவுப் பாதுகாப்பு அலுவலரே இல்லை, வேறொரு அலுவலகத்தின் தற்காலிக ஊழியர் என்று தெரிந்தது. அன்றிரவு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். இதை நான் பத்து வருடம் முன்பே படித்திருக்க வேண்டும்.

அப்பா காலத்தில், 1954-ஆம் ஆண்டுக் கலப்படத் தடைச் சட்டம் இருந்தபோது, சானிட்டரி இன்ஸ்பெக்டரே எல்லாம் பார்ப்பார். இப்போது அதிகாரம் படிப்படியாகப் பிரிந்திருக்கிறது. கடைக்கு வருகிற உணவுப் பாதுகாப்பு அலுவலர் உள்ளே வந்து பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம், சந்தேகப்படும் பொருளைக் கைப்பற்றலாம். குறையைச் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் அவருக்கு மேலே உள்ள நியமன அலுவலருடையது. அதற்கும் குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். உடனடி ஆபத்து என்றால் நியமன அலுவலர் நமக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் விண்ணப்பிப்பார். தடை உத்தரவு ஆணையருடையது.

ஆணையர் தம் அதிகாரங்களைக் கீழே உள்ள அலுவலர்களுக்கு உத்தரவு போட்டுப் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் நியமன அலுவலர், உணவு மாதிரியைச் சோதிக்கும் பகுப்பாய்வாளர், உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆகியோரை நியமிக்கும் அதிகாரத்தை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க முடியாது. இந்த ஒரு வரியை நான் மூன்று முறை படித்தேன். "நீ போய்ப் பார்த்துவிட்டு வா" என்று யாரோ வாயால் சொன்னால் ஒருவர் உணவுப் பாதுகாப்பு அலுவலராகிவிட மாட்டார் என்பதல்லவா இதன் பொருள்! அலுவலரே காரணமில்லாமல் தொல்லை கொடுக்கும் நோக்கில் பொருளைக் கைப்பற்றினால் அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலையேறி வந்து நம் கடையை நம்பி வாங்குகிற குடும்பத்தின் குழந்தை அதைத் தின்னப் போகிறது. சோதனை கட்டாயம் வேண்டும். அடுத்த வாரமே உண்மையான அலுவலர் வந்தார். அட்டையையும் நியமன ஆணையின் நகலையும் நான் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டினார். வர்க்கியை நான்கு பங்காக்கி, ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, நூலால் கட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். அரக்கு வாசனை வெந்த மாவின் வாசனையோடு கலந்து அறை முழுக்க நின்றது. ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலருக்கு. நான்காவதை, நான் விரும்பிக் கேட்டால், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று விளக்கினார். பிறகு எடுத்த வர்க்கிக்குக் கடை விலைப்படி பணத்தை எண்ணி வைத்தார். வாங்க மறுத்தேன். "சட்டத்தில் இருக்கிறதம்மா, வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். அறிக்கையில் குறை எதுவும் இல்லை.

எல்லா ஊர் அலுவலக வாசலிலும், எந்த அதிகாரம் யாருக்கு, எந்த உத்தரவின்படி என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்று மனுக் கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை விடப்போவதில்லை.

போன மாதம் சுகாதார ஆய்வாளர் ஒருவர் கடைப் பின்புறச் சாக்கடையைப் பார்க்க வந்தார். உத்தரவைக் கேட்டேன். 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி சுகாதார அலுவலர் கையெழுத்திட்ட நோட்டீஸை நீட்டினார். மூடி உடைந்திருந்தது உண்மைதான். மறுநாளே கொத்தனாரை வரவழைத்து மாற்றிவிட்டேன்.