முதலில் கழிப்பறை, அப்புறம் பேரணி

பேரணி என்றால் முந்தின நாள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வோம். எங்கள் கூட்டத்துப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சக்கர நாற்காலியில் வருகிறவள், காலைத் தாங்கும் கேலிப்பர் போட்டவள், தவழ்கிறவள் எல்லோருக்கும் தானாகவே தெரியும், வெளியே போனால் ஒதுங்க இடம் கிடையாது என்று. இருபது வருடமாகப் பேரணிகளுக்குப் போகிறேன். ஒன்றில்கூட டீ குடித்ததில்லை.

இந்த பிப்ரவரியில் எழும்பூரில் பேரணி நடத்தும் பொறுப்பு ஐந்து பேர் தலையில் விழுந்தது. அதில் என் தலையும் ஒன்று. முதல் கூட்டத்தில் கோஷம் என்ன, யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு ஆரம்பித்தது. நான் "பாத்ரூம் எங்கே?" என்றேன். ஆண்கள் இருவர் சிரித்தார்கள், பெண்கள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி ஏன் என்று பலர் கேட்டார்கள். 1992-இல் ஐ.நா. டிசம்பர் 3-ஐ மாற்றுத்திறனாளிகள் தினமாக அறிவித்தபோது சென்னையின் மழையை யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். 2023-இல் அதே டிசம்பர் 3, 4 தேதிகளில்தான் மிக்ஜாம் புயல் ஊரை மூழ்கடித்தது. சக்கர நாற்காலிக்கு அரையடி தண்ணீர் போதும், திறந்த சாக்கடை கண்ணுக்குத் தெரியாமல் போக. தேதிக்கு மரியாதை கொடுத்து ஆளை இழக்க முடியாது.

பாதை, சென்னையில் பேரணி என்றாலே எல்லோரும் பழகிய ராஜரத்தினம் மைதானத்திலிருந்து லாங்ஸ் கார்டன் சாலை வரை. நல்ல காலுள்ளவர்களுக்குக் கால்மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாங்கள் மூன்று பேர், இரண்டு நாற்காலி ஒரு வெண்கோல், அந்த வழியை முழுதாகப் போய்ப் பார்த்தோம். சாலை மட்டத்துக்கு மேலே நிற்கும் சாக்கடை மூடிகளைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டோம். ஒன்பது வட்டம். பேரணி நாளில் ஒவ்வொரு வட்டத்தின் மேலும் ஒரு கல்லூரிப் பிள்ளையை நிற்க வைத்தோம். "அசையாதே, நீதான் இன்றைக்கு மூடி" என்று சொல்லி வைத்தேன். வெயிலில் பாவம், நின்றார்கள்.

அனுமதிக்கு 1888-ஆம் வருடத்துக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி ஐந்து நாளுக்கு முன்பே மனு கொடுக்க வேண்டும். நாங்கள் மூன்று வாரத்துக்கு முன்பே கொடுத்தோம். கொடுக்கப் போன அலுவலகத்தில் வாசலிலேயே நான்கு படி. ஒருவர் கீழே இறங்கி வந்து வாங்கிக்கொண்டார், நல்ல மனிதர். "எதுக்கும்மா சிரமப்பட்டு ஊர்வலம்? ஒரே இடத்துல உட்கார்ந்து பண்ணிட்டுப் போங்களேன்" என்றார். உட்கார்ந்தே இருப்பதுதான் சார் எங்கள் பிரச்சினை என்றேன். முக்கால்மணி நேரம் கொடுத்தார்கள்.

கழிப்பறைக்கு வருகிறேன். நடமாடும் கழிப்பறை வண்டி விசாரித்தோம். செங்குத்தாக மூன்று படி ஏற வேண்டும். கடைசியில் எங்கள் தெருப் பந்தல்காரரிடம் போனேன். கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு எல்லாம் பார்த்தவர். "சாமியானா எத்தனை, சேர் எத்தனை?" என்றார். ஒரு அறை வேண்டும் அண்ணே, நாலு பக்கமும் துணி, உள்ளே நாற்காலி சுற்றித் திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி, வாசல் மூன்றடி, தரையில் கட்டை எதுவும் குறுக்கே வரக்கூடாது என்றேன். "உள்ளே என்ன வைக்கப் போறீங்க?" ஓட்டை போட்ட கமோடு நாற்காலி என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மேலேயும் துணி போடணும்மா, மாடியிலிருந்து பார்ப்பாங்க" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. தொடங்கும் இடத்தில் ஒன்று, முடியும் இடத்தில் ஒன்று. பக்கெட், மக்கு, பினாயில், உதவிக்கு இரண்டு பெண்கள்.

வழக்கமான பேரணியில் தலைவர்கள் தட்டியைப் பிடித்து முன்னால் வேகமாக நடப்பார்கள். ஊன்றுகோல்காரர்கள் கால்மணி நேரத்தில் கடைசிக்கு வந்துவிடுவார்கள். மாற்றுத்திறனாளிகள் பேரணியிலேயே இது நடந்து பார்த்திருக்கிறேன். இந்த முறை யார் மிக மெதுவோ அவர்கள் முதல் வரிசை, அவர்களைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்று வைத்தோம். இரண்டு கால்களிலும் கேலிப்பர் போட்ட அறுபது வயதுக்காரர் ஒருவர்தான் அன்று எங்களுக்கு ஸ்பீடாமீட்டர். தட்டியை நாற்காலிக்காரர்கள் மடி உயரத்தில் பிடித்தார்கள். கூட்டத்தைச் சுற்றிக் கயிறு பிடிக்க வந்த போலீசாரிடம் கயிறு சக்கரத்தில் சுற்றும் என்று கெஞ்சி வாங்கி ஓரம் வைத்தோம்.

உண்மையான சண்டை பறையில்தான் வந்தது. பார்வையற்ற நண்பர்களுக்குப் பறை வேண்டும். சத்தம் எந்தப் பக்கமோ அதுதான் முன்பக்கம், ஒருத்தர் கையைப் பிடிக்காமலே நடக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள், பறை அடித்தால் பையன் காதைப் பொத்திக்கொண்டு ரோட்டில் படுத்துவிடுவான் என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம். இரண்டு கூட்டம் இதிலேயே போனது, ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்தும் போனார். கடைசியில் பறை முன்னால், பிள்ளைகள் கடைசியில், நடுவில் நூறடி இடைவெளி. அந்த நூறடியை நிரப்ப யாரையும் விடவில்லை. பார்க்கிறவர்களுக்குப் பேரணி பாதியில் அறுந்த மாதிரி தெரிந்திருக்கும். தெரியட்டும்.

ஒரு தம்பி, வாஷிங்டனில் 1990 மார்ச்சில் சக்கர நாற்காலிகளை விட்டு இறங்கி நாடாளுமன்றப் படிகளில் தவழ்ந்து ஏறினார்களே, நாமும் ஒரு படிக்கட்டில் செய்யலாம், பத்திரிகையில் வரும் என்றான். அந்த ஜூலையிலேயே அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்ததும் உண்மை. எனக்கு மனசு ஒப்பவில்லை. திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்கா, உள்ளங்கையில் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு, ரயில் ஏறி இறங்குவது தினமும் அப்படித்தான். அதற்கு இதுவரை ஒரு கேமராவும் வந்ததில்லை.

கோரிக்கை புதிதல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017-இல் வந்த அதன் விதிகள், அதிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் பொதுக் கட்டிடங்கள் எல்லாவற்றையும் நாங்கள் நுழையும்படி மாற்ற வேண்டும். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. துண்டறிக்கையில் இதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டோம்.

மேடை போடவில்லை. மைக்கை யார் பேசுகிறாரோ அவர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனோம். வந்த பிரமுகர் ஒருவர் எங்கே நிற்பது என்று தெரியாமல் சுற்றி, பிளாஸ்டிக் சேர் ஒன்றை இழுத்துப் போட்டு எங்களுக்குச் சமமாக உட்கார்ந்துவிட்டார். நன்றாகவே இருந்தது.

தப்பும் நடந்தது, அது என் தப்பு. சைகை மொழிபெயர்ப்பாளரை டாட்டா ஏஸின் பின்பக்கம் நிற்க வைத்திருந்தோம். வண்டி முன்னால், காது கேளாதோர் குழு பறைக்கும் பின்னால். ஆம்புலன்ஸுக்கு வழிவிட எல்லோரும் ஓரம் போனபோது அவர்கள் மட்டும் சாலை நடுவில் நின்றார்கள். அடுத்த முறை அவர்களோடேயே ஒருவர் நடக்க வேண்டும். ஆள் இப்போதே பார்த்து வைத்திருக்கிறேன்.

முக்கால்மணி நேரம் ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. முடியும் இடத்தில் துணி அறைக்கு வரிசை நின்றது. திருவள்ளூர் அக்கா வெளியே வந்து டீ வாங்கிக் குடித்தார், கொஞ்ச நேரத்தில் இன்னொன்று கேட்டார். நானும் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

பந்தல்காரர் கொடுத்த பில்லில் சாமியானா 2, சேர் 150, 'லேடீஸ் ரூம்' 2 என்று இருந்தது. ஆண்களும் போனார்களே அண்ணே என்றேன், சிரித்தார். போன வாரம் போன் செய்தார். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்யாணமாம், மாப்பிள்ளையின் பாட்டிக்கு நடக்க வராதாம்.

"அந்த ரூமு அளவு என்னம்மா சொன்னீங்க?"

ஐந்துக்கு ஐந்து, வாசல் மூன்றடி, கீழே கட்டை கூடாது. மேலே துணி போட அவருக்கே தெரியும்.