எட்டா, மூன்றா: ஏற்காட்டு புல்லட்டின் இன்ஜின் நம்பர்

போன மாதம் சேலம் செவ்வாப்பேட்டையில் ஒரு பழைய புல்லட் பார்த்தேன். அறுபதுகளின் வண்டி என்றார்கள். இன்ஜினுக்கு பஃப் போட்டு முகம் பார்க்கிற அளவுக்கு மினுக்கியிருந்தார்கள். குனிந்து, இடது பக்கம் சிலிண்டருக்குக் கீழே கிரேன்க்கேஸில், அதாவது இன்ஜினின் அடிக்கூட்டில், அடித்திருந்த இன்ஜின் நம்பரைப் பார்த்தேன். ஒரே வரிசை, ஒரே ஆழம். அந்தக் கால வண்டிகளில் ஒவ்வொரு எழுத்துக்கும் பஞ்ச் என்கிற தனி இரும்பு அச்சு வைத்துச் சுத்தியலால்தான் அடிப்பார்கள். ஒன்று ஏறும், ஒன்று சாயும். ஆனால் கோணலை மட்டும் நம்பவும் முடியாது, பட்டறையில் அடித்தாலும் கோணத்தான் செய்யும். பார்க்க வேண்டியது எழுத்தைச் சுற்றியுள்ள உலோகத்தை. நகத்தை ஓட்டிப் பார்த்தேன். நம்பர் இருந்த இடம் மட்டும் லேசாகக் குழிந்திருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் மெல்லிய இணைகோடுகள் தெரிந்தன. கிரைண்டர் ஓடிய தடம். பழைய நம்பரைத் தேய்த்துவிட்டு வேறு நம்பர் அடித்திருக்கிறார்கள். அந்த வண்டி வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கிரேன்க்கேஸ் உடைந்து புதிதாக மாற்றியிருந்தால் நம்பர் மாறுவது தப்பே இல்லை, ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வண்டியின் புத்தகத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

அடுத்தது ஏற்காடு, நாகலூர்ப் பக்கம். காபித் தோட்டக் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடந்த 1967 புல்லட். திருவொற்றியூரில் செய்த 350 சி.சி. வண்டி. "எங்கப்பா வாங்கினது தம்பி, நானும் இதுலதான் மலை ஏறி இறங்குவேன்" என்றார் பெரியவர். இருபது கொண்டை ஊசி வளைவிலும் இதை ஓட்டியவர்!

நம்பர் மேல் எண்ணெயும் மண்ணும் கருங்கட்டியாக ஒட்டியிருந்தது. கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் எடுக்கவே கூடாது, இருக்கிற அடையாளமும் போய்விடும். மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து அரை மணி நேரம் ஒட்டிவைத்தேன். அப்புறம் பழைய டூத் பிரஷ், கடைசியாக மூங்கில் பல்குத்தி. எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்துவந்தன. சுற்றிலும் வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருந்தது, பஞ்ச் இறங்கிய ஓரத்தில் உலோகம் கொஞ்சம் பிதுங்கியும் நின்றது. மேலே உப்புத்தாள் போட்டிருந்தால் அந்தப் பிதுக்கம்தான் முதலில் போயிருக்கும்.

எல்லாம் சரி, கடைசி எண்ணில் சிக்கல். புத்தகத்தில் 3, இன்ஜினில் 8. பெரியவரின் முகம் வாடிவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எடுத்துக் கொடுப்போமே, அந்த பென்சில் பிரிண்ட்தான் ஞாபகம் வந்தது. மெல்லிய தாளை வைத்து, மழுங்கிய பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். மூன்று பிரிண்டிலும் எண்ணின் வலது வளைவுகள் கூராக விழுந்தன. இடது பக்கம் வெறும் மங்கல். அதாவது அங்கே பஞ்ச் இறங்கவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால், உப்புப் பூத்த அலுமினியத்தில் அரித்த இரண்டு சின்னக் குழிகள் எட்டுக்குரிய இடது வளைவைப் போல நின்றிருந்தன. எண் மூன்றேதான். தாளைக் காட்டியபோது பெரியவர் விரலால் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நண்பர்கள் கேட்கிறார்கள், இன்ஜின் நம்பரும், வண்டிச் சட்டத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டாமா என்று. எல்லா வண்டிக்கும் அப்படி இல்லை. இரண்டாம் உலகப்போர்க் கால பி.எஸ்.ஏ. எம்20 என்ற பிரிட்டிஷ் ராணுவ வண்டியில் தொழிற்சாலையிலேயே இரண்டும் வேறு வேறு. இன்னொரு பிரிட்டிஷ் கம்பெனியான ட்ரையம்ஃபில் 1969 வாக்கில் நம்பர் அடிக்கும் இடத்திலேயே கம்பெனி முத்திரையைப் பொடிப்பொடியாகப் பதித்துவிட்டார்கள், தேய்த்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழக்கம். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வண்டியைப் போலி என்று சொல்வது, வீட்டில் பாதுகாத்து வைத்திருப்பவருக்குச் செய்கிற அநியாயம்.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டி என்பதால் 2021 விதிப்படி விண்டேஜ் பதிவுக்குப் போகலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். அதற்கு முன் சேஸிஸ் நம்பரைப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில், மூன்று அடுக்குப் பெயிண்டுக்குள் இருக்கிறது. வரும் ஞாயிறு பெயிண்ட் ரிமூவரோடு மலை ஏறுகிறேன்.