ஆரல்வாய்மொழிக் காற்றும் மண்ணுளிப் பாம்பும்

குமரி மாவட்டம் முழுக்கப் பச்சைப்பசேல் என்று நினைப்பவர்கள் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு நடை வரவேண்டும். முள்ளுக்காடு, காய்ந்த மண், முப்பந்தல் காற்றாலைகள். ஆடி மாதக் காற்றில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணைத் திறக்க முடியாது.

அந்தப் பக்கம்தான் நண்பனின் மாமா தென்னையும் முருங்கையும் போட்டிருக்கிறார். காய்ந்த மட்டைகளை அவர் அள்ளிக்கொண்டிருந்தபோது அடியில் கிடந்தது, மண்ணுளிப் பாம்பு.

“மக்களே, கைய வைக்காத. அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்” என்றார்.

குத்தவைத்துப் பார்த்தேன். செம்பழுப்பு உடம்பு, எண்ணெய் தடவியது போலப் பளபளப்பு. வால் கூராக முடியாமல் மழுங்கி, தலையின் பருமனுக்கே இருந்தது. நாங்கள் நெருங்கியதும் தலையைச் சுருளுக்கு அடியில் செருகிக்கொண்டு வாலைத் தூக்கிக் காட்டியது. அடிப்பவன் வாலை அடிக்கட்டும், தலை தப்பிக்கும். கொஞ்ச நேரம் பொறுத்தபின் தலை வந்தது. இத்துனூண்டு கண், அதில் நெடுக்குக் கோடாகப் பாவை. ஆப்பு மாதிரியான மூக்கை மண்ணில் நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது.

இருதலை மணியன் என்றும் சொல்வார்கள். இருப்பது ஒரே தலைதான். வித்தை காட்டுகிறவர்கள் வாலில் சூடு வைத்துக் கண், வாய் போலத் தழும்பு உண்டாக்குவது உண்டு என்று படித்தபோது வயிறு எரிந்தது. விஷம் கிடையாது; எலியைச் சுற்றி நெரித்துத் தின்னும். அனகோண்டாவும் இதே போவா குடும்பம்தான். முட்டையிடாது, குட்டி போடும். இதன் அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானி. அந்த ‘ஜான்’ நம் தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மானிய மிஷனரி கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். 1801-இல் பாட்ரிக் ரஸ்ஸல் இதை விவரித்தபோது அவர் பெயரை வைத்தார்.

இவ்வளவு சாதுவான ஜீவனுக்குத்தான் கோடிக்கணக்கில் விலை என்று ஒரு புரளி. வீட்டில் வைத்தால் பணம் கொட்டும், தீராத நோய் தீரும், எடை கூடினால் விலையும் கூடும்... இரிடியம் மோசடி மாதிரியே இதற்கும் புரோக்கர்கள் அலைகிறார்கள். அத்தனையும் பொய். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். நாகர்கோவில் நாகராஜா கோயிலில் மண்ணையே பிரசாதமாக வாங்கி நெற்றியில் இடுகிற ஊர்க்காரர்களுக்கு அந்த மண்ணுக்குள் வாழ்கிற பாம்பைக் காசுக்குப் பிடித்துக் கொடுக்க எப்படி மனசு வருகிறது?

மாமாவிடமும் காரில் வந்து விசாரித்திருக்கிறார்கள். “எலியத் திங்கப்பட்டது அது. அத வித்துட்டு நான் எலிக்கு மருந்து வாங்கணுமாக்கும்?” என்று கேட்டு விரட்டிவிட்டாராம்.

வழக்கமாகப் பதிவின் கடைசியில் எந்த பஸ், எங்கே இறங்கணும், எப்படிப் போகணும் என்று எழுதுவேன். இந்தத் தோட்டத்துக்கு மட்டும் வழி போடவில்லை. கேட்டு மெயில் அனுப்பாதீர்கள், ப்ளீஸ்.