ஈரத்திலும் உலர்விலும் தாங்கும் பாலிமர்: புராஜெக்ட் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

இந்தத் தலைப்பில் மாணவர்கள் அதிகம் சறுக்குவது பாலிமரைத் தயாரிக்கும் வேலையில் அல்ல. மாதிரியில் எவ்வளவு நீர் இருந்தது என்று எழுதாமல் விடுவதில்தான். உலர்ந்த நைலான் 6-இன் இழுவலிமை ஏறத்தாழ 80 மெகாபாஸ்கல். 50 சதவீத ஈரப்பதக் காற்றில் சமநிலைக்கு வந்ததும் சுமார் 3 சதவீதம் நீர் ஏறி, வலிமை பாதியளவுக்கு இறங்கிவிடும். நீட்சியோ பல மடங்கு கூடும். நைலான் சங்கிலிகளில் உள்ள அமைடு குழுக்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு நடுவே நீர் புகுந்து, சங்கிலிகளை நழுவ விடுகிறது. "வலிமை குறைந்தும் டஃப்னஸ் எப்படிக் கூடியது?" என்று வைவாவில் கேட்டால், டஃப்னஸ் (அறுவதற்குள் பொருள் உள்வாங்கும் ஆற்றல்) என்பது தகைவு-திரிபு வரைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு என்பதிலிருந்து தொடங்குங்கள்.

உலர்ந்தது, ஊறியது என ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது 5 டம்பெல் வடிவ (நடுவில் ஒடுங்கிய) மாதிரிகள் வேண்டும். 80 டிகிரி செல்சியஸில் வெற்றிட அடுப்பில், எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். சாதாரண அடுப்பில் வைத்தால் நைலான் ஆக்சிஜனேற்றத்தால் மஞ்சளாகும். ஊறவைத்ததை எடை போடுமுன் மேற்பரப்பு நீரை ஒற்றி எடுங்கள். 24 மணி நேரம் ஊறியதும் மாதிரி முழுதாக நீர் ஏற்றுவிட்டது என்று எழுதுவது பெரிய தவறு. ஊறும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1 மில்லிமீட்டர் தகட்டைவிட 4 மில்லிமீட்டர் தகடு 16 மடங்கு நேரம் எடுக்கும். நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக எடையை வரைந்து, கோடு தட்டையான பிறகே சோதியுங்கள்.

வடிவமைப்பில் ஹைட்ரஜன் பிணைப்பை மட்டும் நம்பினால் நீரில் கைவிடும். சகபிணைப்புக் குறுக்கிணைப்பை (சங்கிலிகளை நிரந்தரமாகக் கட்டும் பிணைப்பை) கூட்டிக்கொண்டே போனால் உலர்ந்ததும் நொறுங்கும். நீர் ஒவ்வாத பகுதிகளுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பைப் பொதித்து வைப்பது நல்ல வழி. சங்கிலியிலுள்ள கார்பாக்சில் (அமில) குழுக்களை ஃபெரிக் (இரும்பு) அயனியால் கட்டுவது இன்னொன்று. அக்ரிலமைடு-அக்ரிலிக் அமிலக் கூழ்மத்தை (ஜெல்லை) 0.05 மோலார் ஃபெரிக் குளோரைடு கரைசலில் ஊறவைத்துத் தொடங்கலாம். ஊறியதைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: ஓரம் ஆழ்ந்த ஆரஞ்சாகவும் நடு வெளிறியும் இருந்தால், அயனி உள்ளே போகவில்லை. நேரத்தை நீட்டுங்கள். பிறகு தூய நீரில் ஊறவைத்தால் மிகை அயனி வெளியேறும், பிணைப்புகளும் சீராகும். வலு அமிலத்திலும் சிட்ரேட் கரைசலிலும் இந்தக் கட்டு அவிழும் என்பதை வரம்பாகவே எழுதிவிடுங்கள்.

ஈரக் கூழ்மம் இழுக்கும்போதே உலரும். மேலே சிலிக்கோன் எண்ணெய் பூசுங்கள். பிடியில் வழுக்கினால் மணல்தாள் வையுங்கள். பிடியருகே அறுந்த மாதிரியின் அளவைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.