எட்டு வரி

பக்கம் முடிக்கிற நாளில் எட்டு வரியை வெட்டுவதெல்லாம் எங்கள் தொழிலில் கணக்கிலேயே வராது. எத்தனையோ பேருடைய கட்டுரையில் எட்டென்ன, எண்பது வரிகூட எடுத்திருக்கிறேன். சண்டை போட்டவர்கள் உண்டு, மறுநாள் டீ வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு. இந்த எட்டு வரி மட்டும் ஏன் இன்னும் தொண்டையில் நிற்கிறது என்று தெரியவில்லை.

வேல்ஸ் நாட்டுக் கவிஞரும் பாதிரியாருமான ஆர். எஸ். தாமஸ் பற்றிய கட்டுரை அது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். எழுபதைத் தாண்டியவர், இன்னும் பேனாவில்தான் எழுதுகிறார். லே-அவுட்டில் முதலில் டிலன் தாமஸ் படத்தை வைத்துவிட்டார்கள். இரண்டு பேருமே வேல்ஸ் கவிஞர்கள், இரண்டு பேருமே தாமஸ், பிறந்தது ஓர் ஆண்டு இடைவெளியில். நல்லவேளை, அதைப் பிடித்துவிட்டேன். அந்தத் திருப்தியில்தான் மீதியைக் கவனிக்காமல் விட்டேனோ என்னவோ.

இதழ் வெளிவந்த மறுநாள் பேராசிரியரிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, பையனைப் பத்தின பாரா எங்க போச்சு?”

“இடம் பத்தலைங்க ஐயா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அப்படியா. சர்ச் படம் நல்லா பெருசா வந்திருக்கு.”

“ஆமாங்க ஐயா.”

“சரி தம்பி.” வைத்துவிட்டார்.

இவ்வளவுதான் நடந்தது. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

படம் பெரிதுதான். அபர்டாரன் தேவாலயம். லின் தீபகற்பத்தின் நுனியில், கல்லறைகளைக் கடந்து இறங்கினால் கடற்கரை என்கிற மாதிரி நிற்கும் கட்டடம். தாமஸ் பாதிரியாராகக் கடைசியாக வேலை பார்த்த இடம் அது, 1967 முதல் 1978 வரை. படத்தை ஒரு பத்தி அகலம் குறைத்திருந்தால் எட்டு வரியும் உட்கார்ந்திருக்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த எட்டு வரியில் இருந்தது இதுதான். 1913இல் கார்டிஃபில், ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த தாமஸ், முப்பது வயதை ஒட்டித்தான் வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷை உட்கார்ந்து கற்றார். உரைநடையை அதில் எழுதினார். கவிதை மட்டும் கடைசிவரை ஆங்கிலத்தில்தான். மொழி தன்னிடம் தாமதமாக வந்தது, கவிதைக்கு அது போதாது என்பது அவர் சொன்ன காரணம். மொழி அழிகிறது என்று வாழ்நாள் முழுக்கக் கொதித்த அதே மனிதர், ஒரே மகனை ஆங்கிலேய உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் கேடு என்று அப்பா பிரசங்க மேடையில் திட்டியதை அந்த மகன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த சபையில் பலருக்கு அவற்றை வாங்க வசதியே கிடையாதாம்.

நான் அன்று யோசித்தது, அல்லது யோசித்ததாக இன்று சொல்லிக்கொள்வது இது. தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் இவர் பெயரையே முதன்முறையாகக் கேட்கப்போகிறார்கள். கிடைத்தது ஒன்றரைப் பக்கம். அதற்குள் மகன் கதையைப் போட்டால் ‘ஊருக்கு உபதேசம்’ என்று இரண்டே வார்த்தையில் ஆளை முடித்துவிடுவார்கள். கவிதை வரை யாரும் வரமாட்டார்கள். முதலில் ஆளை உள்ளே விடுவோம், குறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது படித்தாலும் இது நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் ஆங்கிலேயர்கள் வாங்கிப்போட்ட விடுமுறை வீடுகளுக்கு வேல்ஸில் தீ வைத்தார்களே, அவர்களைக் கண்டிக்க அவர் மறுத்த செய்தியை நான் வெட்டவில்லை. எடுத்துக் கொட்டை எழுத்தில் போட்டேன். வீட்டுக்குத் தீ வைத்ததைத் தாங்குகிற வாசகர் ஒரு ஸ்கூல் அட்மிஷனைத் தாங்கமாட்டாரா?

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதம்தான் என் பையனுக்கு இங்கிலீஷ் மீடியத்தில் இடம் கிடைத்திருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் ஒற்றுப்பிழைக்குச் சண்டை போடுகிறவன் நான். பணம் கட்டிய ரசீது மேஜை டிராயரில்தான் கிடந்தது. அதனால்தான் வெட்டினேன் என்று எழுதினால் கதை கச்சிதமாக முடியும். ஆனால் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு ரசீது ஞாபகமே இல்லை. பக்கம் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் ஞாபகம். இல்லை, இப்படிச் சொல்வதும் இடம் பத்தலை என்று சொன்ன மாதிரிதான் இருக்கிறது.

அப்புறம் நிறையப் படித்தேன், குற்ற உணர்ச்சியில். 1942இல் மனாவன் என்ற கிராமத்துக்குப் போன தாமஸ், அங்கிருந்த மலைக்குடியானவர்களைப் பார்த்து யாகோ பிரிதெர்க் என்று ஒரு விவசாயியைக் கற்பனையில் உண்டாக்கினார். முதலில் வந்த கவிதையில் அந்த ஆளின் மனம் பயமூட்டுகிற அளவுக்கு வெறுமையாக இருக்கிறது என்று எழுதிவிட்டார். அதோடு விடவில்லை. வருஷக்கணக்காக அவனிடமே திரும்பத் திரும்பப் போகிறார், வாதாடுகிறார், ஒரு கவிதையில் மன்னிப்பே கேட்கிறார். இல்லாத ஒரு மனிதனிடம்! உயிரோடு இருக்கிற பேராசிரியருக்கு ஒரு போன் போட எனக்கு வரவில்லை. நம்பர் இருக்கிறது.

1985இல் வந்த தன் சுயசரிதையை வெல்ஷில் எழுதி, ‘நேப்’ என்று பெயர் வைத்தார். ‘யாருமில்லை’ என்று அர்த்தம். அதில் ‘நான்’ என்று எழுதாமல் அந்தப் பையன், ஆர். எஸ். என்று வேறொருவரைப் பற்றிப் பேசுவது மாதிரி எழுதியிருக்கிறார். இந்தக் கட்டுரையையும் அப்படி எழுதிப் பார்த்தேன். ‘உதவி ஆசிரியர் எட்டு வரியை வெட்டினார்’ என்று. என் பக்கம் நியாயம் ரொம்பத் தூக்கலாகத் தெரிந்தது, அழித்துவிட்டேன்.

போன வருஷம் பேராசிரியர் தன் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார், ‘அன்புடன்’ என்று கையெழுத்துப் போட்டு. தாமஸ் கட்டுரையைத்தான் முதலில் புரட்டினேன். எட்டு வரியும் இல்லை. நான் வெட்டிய வடிவமே அப்படியே அச்சாகியிருந்தது. டைப் செட்டிங்குக்குப் பத்திரிகைக் கட்டிங்கைக் கொடுத்திருப்பார், மூலப்பிரதி கையில் இருந்திருக்காது என்று சொன்னார் ஆபீஸ் நண்பர்.

மூலப்பிரதி என் டிராயரில்தான் இருக்கிறது, ரசீதுக்குக் கீழே.